கிம்ப் 3.0: லாரி நெற்றி எழுத்து பனியனுக்கு இறங்குமா?

தாராபுரம் பக்கத்துக் கபடிக் குழு ஒன்றுக்கு, 60 டி-ஷர்ட்டுகளில் நெஞ்சின் குறுக்கே ‘கொங்கு’ என்ற ஒரே சொல்லை அச்சிட்டுத் தர வேண்டும் என்று சென்ற சித்திரையில் ஒரு வேலை வந்தது. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டபோது, குழுத் தலைவராக வந்த இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு லாரியின் முகப்புப் படத்தைக் காட்டி, “இந்த நெத்தி எழுத்தாட்டமே வேணுங்ணா, தொட்டா கையில தட்டுப்படற மாதிரி” என்றார். படத்தில் இருந்தது கடுகு மஞ்சள் எழுத்து. அதன் வலக் கீழ்ப்புறம் முழுவதும் அரக்கு நிறத்தில் கனமான நிழல். மேல் விளிம்பில் வெண்ணெய் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. ஆங்கிலத்தில் ‘ரெட்ரோ’ என்று இப்போது விலை கூட்டி விற்கப்படும் முப்பரிமாண எழுத்து இதுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அச்சு வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். இத்தகைய வேலைகளைப் பல ஆண்டுகளாக ஃபோட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும்தான் செய்து வந்தேன். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின், 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பை நிறுவி வைத்திருந்தும் உண்மையான வேலை எதையும் அதில் செய்து பார்க்காமலே இருந்ததால், இந்த ஒரு சொல்லை முதலிலிருந்து அச்சுக்கான ஃபிலிம் எடுக்கும் வரை அதிலேயே முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். எனவே இந்த மதிப்புரை அந்த மென்பொருளின் எல்லாப் பயன்களையும் பற்றியது அன்று. புகைப்படம் திருத்துவதற்கு அது எப்படி என்று கேட்பவருக்கு இதில் விடை இல்லை. தமிழ் எழுத்துக்குப் பழைய பாணியில் கனம் கொடுத்து, அதைத் துணியில் ஏற்றும் அளவுக்குச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அது உதவுகிறதா என்பது மட்டுமே நான் பார்த்தது.

மென்பொருளுக்குள் போகும் முன் அந்த எழுத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் அளவுகோல் அங்கிருந்துதான் வருகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் போர்வெல் வண்டிகளும் நிறைந்திருப்பதால், அந்தப் பக்கம் எழுத்து எழுதும் பெயின்டர்களின் கைவேலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எழுத்துக்கு நிழல் பிடிக்கும் பழக்கம் அச்சு உலகிலும் பழையதுதான். லண்டனில் அச்செழுத்து வார்த்த வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்திலேயே முப்பரிமாண நிழலோடு கூடிய எழுத்து இருக்கிறது. ஆனால் நம் லாரிகளில் இருப்பது ஈயத்தில் வார்த்தது அன்று, தூரிகையில் இழுத்தது. எனக்குத் தெரிந்த ஒரு முதிய பெயின்டரிடம், நிழலை எழுத்தோடு ஒட்டாமல் ஏன் விடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “எழுத்துக்கும் நெழலுக்கும் நடுவால ஒரு நூலு வெளிச்சம் உடோணும் கண்ணு. ஒட்டிப் போட்டா எழுத்து குண்டாயிரும், தள்ளிப் போட்டா எந்திரிச்சு நிக்கும்” என்றார். அந்த ஒரு நூல் வெளிச்சத்தை மென்பொருளில் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் என் இரண்டு நாட்கள் போயின.

முதல் சோதனையைச் சொல்லே வைத்துவிட்டது. ‘கொங்கு’ என்ற மூன்றெழுத்தில் தமிழ் எழுத்துருவைச் சிரமப்படுத்தக்கூடிய எல்லாமே இருக்கின்றன: ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தை இருபுறமும் அணைக்க வேண்டும்; ஙகரத்தின் தலையில் புள்ளி சரியான இடத்தில் உட்கார வேண்டும்; ‘கு’வின் வளைவு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடில் தட்டினால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்குப் பயந்தே நம் ஊர் டி.டி.பி. கடைகளில் இன்னமும் பழைய குறியேற்ற எழுத்துருக்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். கிம்ப்பில் இந்தக் கவலை இல்லை. பாங்கோ, ஹார்ஃபபஸ் என்ற இரு திறந்த மூல நூலகங்கள் எழுத்துச் சேர்க்கையைக் கவனித்துக்கொள்வதால், எந்த அமைப்பையும் தேடித் திறக்காமல், தமிழ்99 விசைப்பலகையில் தட்டியவுடனே ‘கொங்கு’ சரியாக வந்து நின்றது.

எழுத்துருத் தேர்வில் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. மெல்லிய எழுத்துக்கு எவ்வளவு நிழல் போட்டாலும் அது கம்பிக்கு விழுந்த நிழலாகவே தெரியும். பலகையில் அறுத்தெடுத்தது போன்ற கனம் வர, எழுத்தின் உடம்பே தடித்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பலூ தம்பி, காய்னி, அனேக் தமிழின் எக்ஸ்ட்ரா போல்டு ஆகிய மூன்றையும் போட்டுப் பார்த்தேன். காய்னி விளையாட்டுப் பொருள்களுக்கு ஏற்ற குழந்தைத்தனத்தோடு இருக்கிறது, கபடிக்கு ஆகாது. பலூ தம்பியின் மூலைகள் உருண்டு இருப்பதால் நிழலும் உருண்டு, பணியாரம் போல் ஆகிவிடுகிறது. அனேக் தமிழின் வெட்டு முனைகளில் 45 பாகை நிழல் கூர்மையாக இறங்கியது, அதையே வைத்துக்கொண்டேன். மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை என்பதால், விற்பனைக்குப் போகும் துணியில் அச்சிடவும் தடையில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள் இந்த உரிம விஷயத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

இனி முக்கியமான கருவிக்கு வருகிறேன். ஃபில்டர்ஸ் பட்டியலில், லைட் அண்ட் ஷேடோ என்ற பிரிவில், லாங் ஷேடோ என்று ஒன்று இருக்கிறது. இது 2018இல் வந்த 2.10 பதிப்பிலேயே இருந்ததுதான். அப்போது அதை இட்டவுடன் அது படத்தோடு கலந்துவிடும். பிறகு எழுத்தை மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 3.0இல் ஃபில்டர், லேயர் எனப்படும் படத்தின் அடுக்கின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. லேயர் பட்டியலில் பக்கத்தில் தோன்றும் சிறு குறியைச் சொடுக்கினால் நிழலின் கோணம், நீளம், நிறம் ஆகியவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வேண்டாம் என்றால் அணைத்து வைக்கலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. ‘கொங்கு’ என்பதை அழித்து ‘காங்கயம்’ என்று தட்டினேன். நிழலும் தானாகவே காங்கயத்துக்கு மாறிக்கொண்டது. ஃபோட்டோஷாப்பில் லேயர் ஸ்டைல் மூலம் இந்த வசதியை வெகுகாலமாக அனுபவித்தவர்களுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் அங்கே இருக்கும் டிராப் ஷேடோ எழுத்தின் நகலைத் தள்ளி வைக்குமே தவிர, எழுத்திலிருந்து நிழல் வரை இடைவிடாமல் நிரப்பிக் கனம் கொடுக்காது.

அந்தக் கனத்துக்காகத்தான் ஃபோட்டோஷாப்பில் நாங்கள் ஒரு சுற்றுவழியைப் பழகியிருக்கிறோம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிக்சல் தள்ளி ஒரு நகல் உண்டாகும். நூறு தட்டினால் நூறு லேயர். பிறகு அவற்றையெல்லாம் ஒன்றாக்கி அடியில் வைப்பது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால் விரல் வலிக்க மறுபடியும் தட்ட வேண்டும். முப்பரிமாணத்துக்கென்றே அந்த மென்பொருளில் இருந்த தனிப் பகுதியை அடோபி நிறுவனம் 2021இல் கைவிட்டுவிட்டது. அந்தப் பகுதி உண்மையான வெளிச்சத்தையும் உலோக மினுக்கத்தையும் நன்றாகக் காட்டியது என்றாலும், லாரி எழுத்துக்கு அது தேவையே இல்லை. தட்டையான இரண்டு நிறங்களை வைத்துக் கண்ணை ஏமாற்றுவதுதான் பழைய பாணி. அந்த வகையில் கிம்ப்பின் லாங் ஷேடோ இடும் ஒற்றைத் தட்டை நிறம், குறையாகத் தோன்றினாலும், இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

இதில் நிழலுக்குப் பல பாணிகள் உண்டு. ஒன்று குறிப்பிட்ட நீளத்தோடு நின்றுவிடுவது. ஒன்று படத்தின் எல்லை வரை ஓடுவது. மற்றவை போகப் போக மங்குவது. கைப்பேசியில் பார்க்கும் படத்துக்கு மங்கும் நிழல் அழகாகத்தான் இருக்கிறது. துணியில் அது தொல்லை. மங்கும் நிறத்தை அச்சிட அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். நான் எடுத்தது நீளம் குறித்த பாணி. அச்சின் அளவு 12 அங்குலத்துக்கு 5 அங்குலம், 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 பிக்சல்) வைத்ததால் கித்தான், அதாவது வரையும் பரப்பு, 7200-க்கு 3000 பிக்சலாக அமைந்தது. நிழல் நீளத்தை முதலில் 180 பிக்சல் வைத்தேன். கோணம் 45 என்பதால் அது வலப்புறம் ஏறத்தாழ 127 பிக்சலும் கீழே அதே அளவும் இறங்கும். துணியில் அளந்தால் ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திரையில் போதுமாகத் தெரிந்தது. ஆனால் பெயின்டர் சொன்ன வெளிச்சத்தை நடுவில் விட்டதும் நிழல் ஒல்லியாகிவிட்டதால் 240-க்கு உயர்த்தினேன். காகிதத்தில் ஒருமுறை முழு அளவில் அச்செடுத்து, நெஞ்சில் வைத்து, பத்தடி தள்ளி நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லாமல் இந்த எண்ணை முடிவு செய்யக் கூடாது.

அந்த வெளிச்சக் கோட்டை லாங் ஷேடோ தானாகத் தருவதில்லை. 3.0இல் உரைக் கருவிக்கே புதிதாக வெளிக்கோட்டு வசதி வந்திருப்பதைப் பயன்படுத்தி, அதே சொல்லை மூன்று லேயர்களாக வைத்தேன். அடியில் நிழல் விடும் சொல்; நடுவில், துணியின் கருநீல நிறத்திலேயே 70 பிக்சல் தடிமனான வெளிக்கோடு கொண்ட சொல்; அனைத்துக்கும் மேலே கடுகு மஞ்சள் சொல். நடு லேயரின் வெளிக்கோட்டில் பாதி மேல் எழுத்துக்கு அடியில் மறைந்துவிட, மீதி 35 பிக்சல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், நிழலை எழுத்திலிருந்து தள்ளி வைக்கிறது. அந்த நிமிடத்தில் எழுத்து உண்மையாகவே எழுந்து நின்றது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு: சொல்லை மாற்ற வேண்டுமானால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போல ஓரிடத்தில் திருத்தினால் எல்லா நகலும் திருந்தும் வசதி 3.0இல் இல்லை. ஒரு சொல்லுக்கு இது பொருட்டில்லை. இதே பாணியில் 12 வீரர்களின் பெயரையும் முதுகில் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்களானால், நான் வேறு மென்பொருளுக்குப் போயிருப்பேன்.

வெளிக்கோட்டில் இன்னொரு சிறு குறை, பொதுவாக யாரும் கவனிக்க மாட்டார்கள்; எனக்கு உறுத்தியது. நிழல் தொடங்கும் முனைகளில், பெயின்டர் தூரிகையைச் சாய்த்து 45 பாகையில் கத்தி வெட்டுப் போல் வெட்டுவார். வெளிக்கோட்டின் மூலைகள் உருண்டு அமைந்ததால், நிழலின் முனைகள் எலி கடித்தது போல் குழிந்தன. நிழல் லேயரை நகலெடுத்து, பாத் எனப்படும் கோட்டுப்பாதையை வரையும் கருவியால் ஒவ்வொரு முனையையும் கையால் நேராக்கினேன். 11 முனைகள், முக்கால் மணி நேரம்.

தமிழ் எழுத்தின் உடம்பு இந்தப் பாணியோடு எங்கே உடன்படுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதை எந்தச் செயல்முறைப் பாடத்திலும் பார்க்க முடிவதில்லை. அவையெல்லாம் ரோமன் பெரிய எழுத்துகளை வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த எழுத்துகள் ஒரே உயரத்தில் சுவர் போல் நிற்பவை. நம்முடையவற்றில் சுழியும் கொம்பும் புள்ளியும் உண்டு. ஒற்றைக்கொம்பின் கீழ்ச்சுழிக்குள் இருக்கும் சிறு ஓட்டை, நிழல் நீளம் அந்த ஓட்டையின் அகலத்தைத் தாண்டியதும் முழுவதும் அடைபட்டு, கரியால் அடைத்தது போல் ஆகிவிடுகிறது. கனத்தைக் குறைக்க மனமில்லாவிட்டால், அந்த ஓட்டைக்குள் விழும் நிழலை மட்டும் பாதியளவுக்கு அழித்து, உள்ளே துணியின் நிறம் கொஞ்சமாவது தெரியும்படி விட வேண்டும். கணக்குப்படி இது தவறுதான், கண்ணுக்குச் சரி.

புள்ளி அதைவிடக் கெட்டிக்காரத்தனம் கேட்கிறது. ஙகரத்தின் மேல் நிற்கும் புள்ளியிலிருந்து இறங்கும் நிழல், எழுத்தின் தலைக்கோட்டில் வந்து மோதி, புள்ளியும் எழுத்தும் ஒட்டிப்போய், மெய்யெழுத்து ஏதோ கொண்டை போட்டது போல் தெரிந்தது. லாரியில் எழுதுபவர்கள் புள்ளிக்கு மட்டும் நிழலைக் குட்டையாக இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கிம்ப்பில் புள்ளி தனி உறுப்பாகக் கிடைக்காது, எழுத்தோடு சேர்ந்ததுதான். எனவே நிழல் லேயரில் அந்தப் பகுதியை அழித்து, வேறொரு லேயரில் ஒரு வட்டம் வரைந்து, அதற்கு 90 பிக்சல் மட்டும் நிழல் கொடுத்து, மேலே ஏற்றினேன். புள்ளியையும் சற்றுத் தூக்கி வைத்தேன். அது வரை ‘கொஙகு’ என்று படித்துக்கொண்டிருந்த என் மகள் அதன் பின்புதான் ‘கொங்கு’ என்று படித்தாள்.

மூன்றாவது, எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளி. நிழல் விழ இடம் வேண்டும் என்பதால் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறது. உரைக் கருவியில் இடைவெளியைக் கூட்டினால் ‘கொ’, ‘ங்’, ‘கு’ மூன்றும் விலகுகின்றன; ஆனால் ‘கொ’வின் கொம்பும் ககரமும் காலும் ஒரே கூட்டாகவே நிற்கின்றன. மொழிப்படி அதுதான் முறை. உரையை வாசிப்பதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும். நிழலுக்கோ கொம்புக்கும் ககரத்துக்கும் இடையில்தான் இடம் பற்றவில்லை. எழுத்தைப் பாத்தாக மாற்றி, மூன்று உறுப்புகளையும் தனித்தனியாக நகர்த்தினால் பிரச்சினை தீர்கிறது. அப்போது எழுத்து, திருத்தக்கூடிய எழுத்தாக இருப்பதை இழக்கிறது. நான் வேறு வழியாக, நிழலின் கோணத்தை இன்னும் செங்குத்தாக்கி, பக்கவாட்டில் விழுவதைக் குறைத்துப் பார்த்தேன். கனம் கீழ்நோக்கியே சரிந்து, சொல் தூணின் மேல் ஏற்றி வைத்தது போல் ஆனது. குழுத் தலைவருக்கு அது பிடித்திருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 45-க்கே திரும்பி, பாத்தாக மாற்றித்தான் முடித்தேன்.

மேல் விளிம்பில் ஓடும் வெண்ணெய்க் கோடு எளிது. மேல் எழுத்தின் வடிவத்தைத் தேர்வாக்கி, அந்தத் தேர்வைச் சில பிக்சல் சுருக்கி, அதன் ஒரு நகலை வலக் கீழ்ப்புறம் நகர்த்திக் கழித்தால், மேற்புறமும் இடப்புறமும் மட்டும் ஒரு பிறை மிஞ்சும். கிம்ப்பில் விளிம்பைச் சரித்துப் புடைப்பாகக் காட்டும் பெவல் என்ற தனி ஃபில்டர் இருந்தாலும் அதை நாடாதீர்கள். அது தரும் பளபளப்பு, திருமண மண்டப வாசலில் கட்டும் பேனரின் தங்க எழுத்தைத்தான் நினைவூட்டும். 1970களின் லாரியை அன்று.

திரையில் முடிந்த பின் திருப்பூர் வேலை தொடங்குகிறது. வலைத்திரை வழியே மையைத் துணியில் இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் கறுப்பு வெள்ளையில் ஒரு ஃபிலிம். இங்கே கடுகு மஞ்சள், அரக்கு, வெண்ணெய் என மூன்று நிறங்கள். துணி கருநீலம் என்பதால் நிறங்கள் மங்காமல் இருக்க அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு. ஆக நான்கு ஃபிலிம். வெளிச்சக் கோட்டுக்கு நிறமே தேவையில்லை, அச்சிடாமல் விட்ட துணியே வெளிச்சமாகிவிடுகிறது. கருநீலக் கோட்டை வெளிச்சம் என்று சொல்வது விந்தைதான். ஆனால் கண் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறது. லாங் ஷேடோவில் நிழலை மட்டும் தனியாகவோ, எழுத்தின் பகுதியைக் கழித்துவிட்டு நிழலையோ பெறும் தேர்வுகள் இருக்கின்றன. வடிவமைக்கும்போது அவற்றின் அருமை தெரியவில்லை. ஃபிலிம் பிரிக்கும்போது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தின.

கவனிக்க வேண்டியது விளிம்புகள். திரைக்காக வரையப்படும் எழுத்தின் ஓரத்தில் அரைகுறை ஒளிபுகு பிக்சல்கள் இருக்கும். அவை ஃபிலிமில் சாம்பல் நிறமாக விழுந்து, ஃபிலிம் வழியே ஸ்கிரீனுக்கு ஒளி காட்டி எக்ஸ்போஸ் செய்யும்போது ஓரம் பிசிறடிக்கும். ஒவ்வொரு லேயரையும் கறுப்பாக்கி, வெள்ளைப் பின்னணியோடு ஒன்றாக்கி, கலர்ஸ் பட்டியலில் உள்ள திரெஷோல்டு மூலம் கறுப்பு அல்லது வெள்ளை என்று இரண்டாக வெட்டிவிட வேண்டும். 300 டி.பி.ஐ.யில் இதைச் செய்தால் வளைவுகளில் படிக்கட்டு தெரிய வாய்ப்புண்டு. 600 வைத்ததன் காரணம் இதுதான். மஞ்சளும் வெண்ணெயும் தொடும் இடங்களில் ஒரு நிறத்தின் ஓரத்தை இன்னொன்றின் அடியில் 7 பிக்சல் அளவுக்கு, அதாவது மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நுழைத்து வைக்க வேண்டும். துணி அசைந்தாலும் இடைவெளி தெரியாது. வெள்ளைப் பூச்சை அதற்கு மாறாக அதே அளவு சுருக்க வேண்டும். செலக்ட் பட்டியலின் குரோ, ஷ்ரிங்க் என்ற இரண்டு கட்டளைகளும் இவற்றை ஒழுங்காகச் செய்கின்றன.

இவ்வளவு பார்த்துச் செய்தும் முதல் சாம்பிள் கெட்டது. ஃபிலிம் எடுத்துக் கொடுத்த இடத்தில் நான்கில் ஒன்றை மட்டும் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற குறி போட்டபடியே அச்சிட்டுவிட்டார்கள். அரக்கு நிழல் மட்டும் ஓரிரு விழுக்காடு சிறுத்து, ‘கொ’வில் சரியாகத் தொடங்கிய நிழல் ‘கு’வுக்கு வரும்போது எழுத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது. மென்பொருளின் தவறு அதில் எதுவும் இல்லை. என் தவறு ஒன்று உண்டு: நான்கு ஃபிலிமின் மூலைகளிலும், நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த உதவும் ரிஜிஸ்டர் குறி போட்ட நான், இரண்டு குறிகளுக்கு இடையே எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதை ஓரத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு ஸ்கேலை வைத்தே மேசையில் கண்டுபிடித்திருப்பார்கள்.

பழமையின் இன்னொரு அடையாளமான புள்ளி நிழலையும் சோதித்துப் பார்த்தேன். ஃபில்டர்ஸில் டிஸ்டார்ட்ஸ் பிரிவில் நியூஸ்பிரிண்ட் என்று உள்ளது, செய்தித்தாள் படம் போல் நிறத்தைப் புள்ளிகளாக உடைக்கும். துணிக்கு அங்குலத்துக்கு 45 புள்ளி வரிகள் போதும், 600 டி.பி.ஐ. என்றால் புள்ளிகளின் இடைவெளி ஏறத்தாழ 13 பிக்சல். கோணத்தை 22.5 பாகை வைத்தால் ஸ்கிரீன் மெஷ்ஷின் இழைகளோடு மோதி அலை அலையாகத் தெரிவது குறையும். நிழலின் கீழ்ப்பாதியில் இதைப் போட்டபோது பழைய தீப்பெட்டி லேபிளின் அழகு வந்தது. கிழிசலும் தேய்மானமும் போல் கீறல் விடும் வேலையை மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கபடி மண்ணில் பத்து ஆட்டம் புரண்டு பத்து முறை துவைத்தால் அந்தத் தேய்மானம் செலவில்லாமல் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிம்ப்பில் சி.எம்.ஒய்.கே. என்ற நான்கு மை அச்சு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது, திரைக்குரிய ஆர்.ஜி.பி.யில் செய்து, சில வடிவங்களில் வெளியேற்றும்போது மாற்றிக்கொள்ளலாம், திரையில் முன்னோட்டமும் பார்க்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் நிறத்தை முடிவு செய்வது மை கலக்குபவர். சிவகாசிக்கு அனுப்பும் காகித அச்சுக்கு இது பொருட்டு. எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள என் பழைய கணினியில், இவ்வளவு பெரிய கித்தானில் நிழலின் நீளத்தை மாற்றும்போதெல்லாம் சில நொடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது, 150 டி.பி.ஐ.யில் வடிவத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு பெரிதாக்கிச் செய்வது நல்லது, அப்போது எண்களை நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிறகும் மாற்றக்கூடியபடி உயிரோடு இருக்கும் ஃபில்டர்கள் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவத்தில்தான் தங்கும். ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் நண்பருக்குக் கோப்பை அனுப்பினால் அவருக்குக் கிடைப்பது உறைந்துபோன படம்தான்.

விலையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அது இலவசம், இனியும் இலவசமாகவே இருக்கும் வகையில் உரிமம் பெற்றது. மாதச் சந்தா கட்ட முடியாமல் திருட்டுப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருக்கும் சிறிய அச்சுக்கடைகள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பனியனைத் தாண்டி, இருபது அடி ஃபிளெக்ஸுக்கோ கடைப் பலகைக்கோ இதே எழுத்து வேண்டுமென்றால், பிக்சல் மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கோரல் டிராவில், வடிவத்துக்குப் பின்னால் கனம் இழுக்கும் எக்ஸ்ட்ரூட் கருவி இருக்கிறது. இலவசமாக வேண்டுவோருக்கு இங்க்ஸ்கேப்பில் நீட்சிகள் பட்டியலில் அதே பெயரில் ஒன்று உண்டு. அவை கோடுகளாகவே வரைவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது, கொம்பையும் காலையும் தனித்தனியே நகர்த்துவதும் எளிது. நிழலைத் தட்டை நிறமாக, உடனுக்குடன் மாற்றிப் பார்க்கும் வசதியில் மட்டும் கிம்ப் அவற்றை முந்துகிறது. வடிவத்தைக் கிம்ப்பில் தேடிக் கண்டுபிடித்து, இறுதிக் கோட்டை இங்க்ஸ்கேப்பில் இழுப்பது என்று இப்போது வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது சாம்பிள் சரியாக வந்தது. 60 உருப்படிகளும் காதர்பேட்டையில் வாங்கிய கருநீலத் துணியில் அச்சாகி, ஆடிக்கு முன்பே தாராபுரம் போய்ச் சேர்ந்தன. பெயின்டரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் உட்டிருக்கற, செரி. ‘கு’வுக்கு வாலை இன்னுங் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்” என்றார். எழுத்துருவில் அந்த வால் அவ்வளவுதான். அடுத்த முறை அதையும் பாத்தாக மாற்றி நீட்ட வேண்டும்.